கப்ஸ் சொல்வது எப்படி, எப்போது: 304 புதிதாகப் பழகுகிறவர்களுக்கு

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். பின்னேரம் விறாந்தையில் பாயை விரித்து நாலு பேர் 304 என்ற சீட்டாட்டம் விளையாடிக்கொண்டிருப்பார்கள், திடீரென்று ஒருவர் "கப்ஸ்" என்று சொல்லிக் கையில் இருக்கிற சீட்டு எல்லாவற்றையும் பாயில் விரித்துவிடுவார், எதிரணி அதை ஒருதரம் பார்த்துவிட்டு, வெற்றி தோல்விக் கணக்குக்கு வைத்திருக்கிற புளியங்கொட்டையை எடுத்துக் கொடுத்துவிடும். மிச்சச் சீட்டை ஏன் விளையாடவில்லை? தோற்றவர்கள் ஏன் மறுபேச்சுப் பேசவில்லை? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்துவிட்டால் 304இல் பாதி பிடிபட்ட மாதிரி. அதனால்தான் இதை ஆறுதலாக எழுதுகிறேன்.

கப்ஸ் என்றால் எட்டுப் பிடியும் ஒரே அணிக்கு. பிடி என்பது ஆளுக்கு ஒன்றாகப் போட்ட நாலு சீட்டு, அதில் வென்ற சீட்டைப் போட்டவருக்கு அது போகும். எதிராளிக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. ஆனால் இதை மட்டும் தெரிந்துகொண்டு போய் உட்காராதீர்கள், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் கப்ஸ் என்பது நடந்து முடிந்த பிறகு வைக்கிற பெயர் இல்லை. வாயால் சொல்ல வேண்டிய ஒன்று அது. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் எட்டையும் எடுத்தால் அது எட்டுப் பிடி, அவ்வளவுதான்.

ஆட்டமே தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். நாலு பேர், எதிரெதிரே இருக்கிற இருவர் கூட்டாளிகள். ஒரு கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு வரையுள்ள சீட்டுகளை எடுத்துப் போட்டுவிட்டால் 32 மிஞ்சும், ஆளுக்கு எட்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டிப் பாருங்கள், ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. ஆட்டத்தின் பெயர் அங்கிருந்துதான் வந்தது. வலிமையும் இதே வரிசைதான்: ஜாக் மேலே, அடுத்தது ஒன்பது, பிறகு ஆஸ், பத்து, ராசா, ராணி, எட்டு, ஏழு. வேறு ஆட்டம் பழகி வந்தவர்களுக்கு ஒன்பது ஆஸை அடிக்கிறது மண்டைக்குள் ஏறக் கொஞ்ச நாள் எடுக்கும். கப்ஸ் தவறாகச் சொல்கிறவர்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள், ஆஸ் கையில் இருக்கிறதென்று நினைத்துச் சொல்லிவிடுவார்கள், ஒன்பது வெளியே இருக்கும்.

முதல் நாலு சீட்டுப் பிரித்ததும் கேள்வி தொடங்கும், அதாவது இத்தனை புள்ளி எடுப்போம் என்று போட்டிக்குத் தொகை சொல்வது, 160க்குக் குறையாமல். கூடக் கேட்டவர் தன் நாலில் ஒன்றைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார், அந்தச் சீட்டின் இனம் முழுக்கத் துரும்பு, மற்ற இனங்களை அது வெட்டும், பிறகு மிச்ச நாலும் பிரிக்கப்படும், ஆட்டம் வலப்பக்கமாகச் சுற்றும். வந்த இனத்துக்கு அதே இனம் போட வேண்டும், அது கையில் இல்லாவிட்டால் துரும்பால் வெட்டலாம் அல்லது வேறு ஏதாவது கழிக்கலாம். துரும்பைத் திறந்தும் விளையாடலாம், மூடியும் விளையாடலாம், மூடிய துரும்பில் வெட்டுகிறவர் சீட்டைக் கவிழ்த்துப் போடுவார், கேட்டவர்தான் பார்த்து அது துரும்பா என்று சொல்லுவார். இவ்வளவும் இப்போதைக்குப் போதும்.

சின்ன விடயம் ஒன்று, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஸ்பேட்டை ஸ்கோப்பன் என்பார்கள், ஹார்ட்ஸை ஆடுத்தன் என்பார்கள். 1658இலிருந்து 1795 வரை யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில் இருந்தது, அவர்கள் மொழியில் இந்த இனங்களுக்குப் பெயர் ஸ்கொப்பன், ஹார்ட்டன், கிளாவரன். கோட்டை விட்டுப் போனவர்களின் சொல் எங்கள் பாயில் இன்னும் கிடக்கிறது. அவர்கள் நாட்டில் இன்றைக்கும் விளையாடுகிற கிளாவர்யாஸ் என்ற ஆட்டத்திலும் துரும்பில் ஜாக்கும் ஒன்பதும்தான் மேலே. எல்லாப் பிடியும் எடுப்பதை அவர்கள் 'பிட்' என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் 'கப்போ' என்கிறார்கள், தெற்கே சிங்களவர் ஓமி என்ற சீட்டாட்டம் விளையாடும்போது 'கபோதி' என்கிறார்கள், எங்களுடையது கப்ஸ். மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் காதுக்கே தெரியும் உறவு.

சரி, பாய்க்கு வருவோம். கப்ஸ் சொல்வதற்கு இரண்டு நிபந்தனை. இதுவரைக்கும் போன பிடியில் ஒன்றுகூட எதிராளிக்குப் போயிருக்கக் கூடாது. இனி வருகிறதெல்லாம் உங்களுக்குத்தான் என்பது உங்கள் கையையும் போன சீட்டையும் வைத்தே நிச்சயமாக இருக்க வேண்டும். 'கூட்டாளியிடம் இருக்கும் போல' என்பது நிச்சயம் இல்லை. 'அவனிடம் துரும்பு இருந்திருந்தால் போன பிடியிலேயே வெட்டியிருப்பான்' என்பதும் நிச்சயம் இல்லை, வெட்டக்கூடியவர் வெட்டித்தான் ஆக வேண்டும் என்று 304இல் சட்டம் கிடையாது, கெட்டிக்காரர் பிடித்து வைத்திருப்பார்.

அப்போ முதலில் பழக வேண்டியது துரும்பு எண்ணுவது. எட்டுத் துரும்பையும் எண்ணப் போகாதீர்கள். சீட்டுப் பிரித்து முடிந்ததும் உங்கள் கையில் எத்தனை துரும்பு என்று பாருங்கள், எட்டிலிருந்து கழியுங்கள், வெளியே இருக்கிற அந்தத் தொகையை மட்டும் மனதில் வைத்து ஒவ்வொரு துரும்பு விழும்போதும் ஒன்று குறையுங்கள். நீங்கள் கேட்டவர் என்றால் பாயில் கவிழ்ந்து கிடக்கிற சீட்டும் உங்களுடையதுதான், அதை எண்ண மறந்துவிட்டு 'இன்னும் ஒன்று வெளியே நிற்கிறது' என்று கடைசிவரை பயந்துகொண்டிருக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். இடது கைவிரலை மடக்கி எண்ணலாம், சீட்டுப் பிடித்திருக்கிற கை என்பதால் எவருக்கும் தெரியாது.

ஒரு கையை வைத்துப் பார்ப்போம். ஸ்கோப்பன் துரும்பு, நீங்கள் கேட்டவர், திறந்து விளையாடுகிறீர்கள். உங்களிடம் ஸ்கோப்பனில் ஜாக், ஒன்பது, ஆஸ், பத்து. ஆடுத்தனில் ஜாக், ஒன்பது, ஆஸ். டயமனில் ஜாக். கிளாவர் ஒன்றுமில்லை. வெளியே நிற்கிற துரும்பு நாலு: ராசா, ராணி, எட்டு, ஏழு.

முதல் இறக்கம், அதாவது பிடியைத் தொடங்கி முதல் சீட்டுப் போடுவது, உங்களுடையது என்றால் சீட்டைத் தொட முன்னமே கப்ஸ் சொல்லலாம். ஏன்? நாலு துரும்பையும் வரிசையாக இறக்குவீர்கள், அந்த வெளி நாலும் ஒரே ஆளிடம் இருந்தாலும் ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒன்று விழுந்தே தீரும், நாலாவதோடு எல்லாம் போய்விடும். பிறகு வெட்டுவதற்கு எவரிடமும் ஒன்றுமில்லை, ஆடுத்தன் ஜாக், ஒன்பது, ஆஸ், டயமன் ஜாக், எல்லாம் தலைச் சீட்டு. இதை அப்படியே சொல்லிக் காட்ட முடிவதால்தான் எதிராளி மறுபேச்சுப் பேசுவதில்லை.

இப்போ அதே கை, ஆனால் முதல் இறக்கம் எதிராளியுடையது, அவர் கிளாவர் போடுகிறார். நீங்கள் துரும்புப் பத்தால் வெட்டுகிறீர்கள், வெளியே நிற்கிறதெல்லாம் ராசாவும் அதற்குக் கீழும்தான் என்பதால் உங்கள் பத்துக்கு மேலே எவராலும் வெட்ட முடியாது, பிடி உங்களுக்கு. சொல்லலாமா? இன்னும் இல்லை. உங்களிடம் இப்போது மூன்று துரும்பு, வெளியே நாலு. அந்த நாலும் ஒரே எதிராளியிடம் இருந்தால் மூன்று இறக்கத்துக்குப் பிறகும் அவரிடம் ஒன்று மிஞ்சும், உங்கள் ஆடுத்தன் ஜாக்கை வெட்டிவிடுவார். ஆகவே துரும்பு ஜாக்கை இறக்கிப் பாருங்கள். இரண்டு பேராவது துரும்பு போட்டால் வெளியே மிஞ்சுவது இரண்டுக்கு மேலே இல்லை, உங்களிடம் ஒன்பதும் ஆஸும் இருக்கிறது, போதும். பிடியைக் கூட்டி வைத்துவிட்டு அடுத்த சீட்டு இறக்க முன்னம் சொல்லுங்கள். ஒரே ஒருவர்தான் துரும்பு போட்டார் என்றால் யார் என்று பார்க்க வேண்டும். எதிராளி என்றால் அவரிடம் இன்னும் மூன்று, வாயைத் திறக்காதீர்கள், விளையாடிக்கொண்டு போங்கள். கூட்டாளி என்றால் பயமில்லை, அவருடைய துரும்பு உங்களுக்கு எதிரே வராது.

முதல் இறக்கமே டயமன் என்றால் உங்கள் ஜாக் போயாக வேண்டும், அதை எதிராளி வெட்டினால் கப்ஸ் கதை அத்தோடு முடிந்தது, கேட்ட தொகையைப் பாருங்கள்.

துரும்புக்குப் பிறகு மற்ற இனங்கள். எல்லாச் சீட்டையும் நினைவில் வைத்திருக்க வேண்டுமென்று நினைத்துத்தான் புதியவர்கள் களைத்துப்போகிறார்கள். தேவையில்லை. கையில் எந்த இனத்தைத் தலைச் சீட்டு என்று நம்பியிருக்கிறீர்களோ அந்த இனத்தில் அதற்கு மேலே உள்ளவை போய்விட்டனவா என்று மட்டும் பாருங்கள். கையில் டயமன் ஆஸ் என்றால் ஜாக்கும் ஒன்பதும் போக வேண்டும், இரண்டே இரண்டு சீட்டு. முதல் ஒரு கிழமைக்குத் துரும்பை மட்டும் எண்ணுங்கள், அது கைவந்த பிறகு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் இதைப் பழகியது தொண்ணூறுகளில், மின்சாரம் இல்லாத காலத்தில். ஜாம்போத்தலுக்குள் கொஞ்சமாக மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கு, அதைச் சுற்றி நாலு பேர், ஊரடங்கு என்றபடியால் ஒருவரும் எங்கேயும் போக முடியாது. என் கூட்டாளி பெரியப்பா. ஆறு பிடியும் எங்களுக்கு, கையில் டயமன் ஒன்பதும் ஆஸும், இறக்கம் என்னுடையது. டயமன் ஜாக் மூன்றாவது பிடியில் போனது எனக்கு நல்ல நினைவு. ஆனால் துரும்பில் ஏழு சீட்டுத்தான் என் கணக்கில் இருந்தது, எட்டாவது எங்கே என்று தெரியவில்லை. பேசாமல் ஒன்பதை இறக்கினேன், பிடித்தேன், ஆஸை இறக்கினேன், பிடித்தேன். எட்டும் எங்களுக்கு. சந்தோசத்தில் நிமிர்ந்து பார்த்தால் பெரியப்பா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஏன் தம்பி சொல்லேல்லை?"

"ஒரு துரும்பு வெளியில நிக்குது எண்டு நினைச்சன், பெரியப்பா."

அவர் ஒன்றும் பேசவில்லை. எங்கள் பக்கத்துப் பிடிகளைத் தன்னுடைய பக்கம் இழுத்து, அடியிலிருந்து இரண்டாவதை எடுத்து, விளக்குக்குக் கிட்ட விரித்துக் காட்டினார். துரும்பு ஏழு. என் கண்ணுக்கு முன்னாலேயே விழுந்தது, ஏழுக்குப் புள்ளி இல்லை என்பதால் அதை நான் சீட்டாகவே மதிக்கவில்லை. அன்றிலிருந்து ஏழையும் எட்டையும்தான் முதலில் எண்ணுகிறேன்.

அந்த இரவில் இன்னொன்றும் பழகிக்கொண்டேன். பெரியப்பா பிடிகளை ஒன்றின் மேலொன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி வைத்திருந்தார், அதனால்தான் இரண்டாவது பிடியை உடனே எடுக்க முடிந்தது. நீங்களும் அப்படியே அடுக்குங்கள், ஆட்டம் நடக்கும்போது அதைப் புரட்டிப் பார்க்கக் கூடாது, முடிந்த பிறகு எடுத்து 'எந்தப் பிடியில் கப்ஸ் சொல்லியிருக்கலாம்' என்று நாலு பேருமாகப் பாருங்கள். பத்து ஆட்டம் இப்படிச் செய்தால் கிடைக்கிற பழக்கம் நூறு ஆட்டம் சும்மா விளையாடினாலும் கிடைக்காது.

எப்போது சொல்வது என்பதில் வீட்டுக்கு வீடு சட்டம் மாறும், ஆகவே உட்காரும்போதே கேட்டுவிடுங்கள். எங்கள் பாயில் இப்படி: நிச்சயம் வந்த உடனேயே சொல்ல வேண்டும், எப்படியும் ஏழாவது பிடிக்குச் சீட்டு இறக்க முன்னம் சொல்லியாக வேண்டும். பிடி நடுவில் சொல்லக் கூடாது. சொன்னவர் சீட்டை விரித்து எந்த ஒழுங்கில் இறக்குவார் என்று வாயால் சொல்ல வேண்டும், 'எல்லாம் எனக்குத்தான்' என்று சொல்லிக் கூட்டி அள்ளுவது கப்ஸ் இல்லை. கொட்டைக் கணக்கு: 200க்குக் கீழே கேட்டு வென்றால் ஒன்று, தோற்றால் இரண்டு. 200இலிருந்து 240 வரை கேட்டால் இரண்டும் மூன்றும். 250க்கு மூன்றும் நாலும். கப்ஸ் சொல்லி வென்றால் அதற்கு மேலே ஒன்று கூட. பிழையாகச் சொன்னால் ஐந்து போகும். அணிக்குப் பத்துக் கொட்டையோடு தொடங்குகிற ஆட்டத்தில் ஐந்து என்பது பாதி உயிர்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு 'ஒன்றுக்காக ஏன் ஐந்தைப் பணயம் வைக்க வேண்டும், சொல்லாமலே விட்டுவிடலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. நிச்சயம் இருந்தால் அங்கே பணயமே இல்லை, அதுதான் என் பதில். சந்தேகம் இருந்தால் தாராளமாக விடுங்கள், விளையாடி முடியுங்கள், கேட்ட தொகை வந்தால் அதுவே வெற்றி. புதியவர்கள் சொல்லாமல் விட்டதற்காகக் கூட்டாளி கோபித்தால் அது அவருடைய பிழை என்றே நான் சொல்லுவேன், எண்ணப் பழகுகிறவரைப் பயப்படுத்தினால் அவர் சீட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கூட்டாளியின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

துரும்பு மூடிக் கிடக்கும்போது, அதைக் கேட்டவர் நீங்கள் இல்லையென்றால், கப்ஸ் பற்றி நினைக்கவே வேண்டாம். எது துரும்பு என்றே தெரியாது, பிறகு எதை எண்ணுவது? அது திறக்கும்வரை உங்கள் வேலை இனத்துக்கு இனம் போடுவதும் கூட்டாளிக்குப் புள்ளிச் சீட்டுக் கொடுப்பதும்தான்.

கூட்டாளிக்குக் கண் காட்டுவது, இருமுவது, 'இன்னும் ஒன்றுதான்' என்று முணுமுணுப்பது, எதுவும் கூடாது. கப்ஸ் என்ற சொல்லுக்கு இருக்கிற மரியாதையே அது ஒரு ஆளின் சொந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பதுதான். பாயில் அதுவரை எவரும் பேசவில்லை என்றால்தான் அந்த ஒரு சொல் விழும்போது அதற்கு ஒரு கனம் இருக்கும். யாழ்தேவி ரயிலில் மடியில் பேப்பரை விரித்து விளையாடிக்கொண்டு போனவர்கள்கூட, பெட்டி முழுக்கச் சத்தமாக இருந்தாலும், ஆறாவது பிடிக்குப் பிறகு அமைதியாகிவிடுவார்கள்.

பேச்சில் எப்படி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வெளியூரில் வளர்ந்த பிள்ளைகள் இதில் தடுமாறுவார்கள். 'கப்ஸ் சொல்லுறது' என்றால் பாயில் அறிவிப்பது. 'கப்ஸ் அடிச்சாச்சு' என்றால் வென்று முடிந்தது. 'கப்ஸ் வாங்கினம்' என்றால் நாங்கள் தோற்றோம், ஒரு பிடிகூட இல்லாமல். எங்கள் ஒழுங்கையில் பொடியள் இதைக் கிரிக்கெட்டுக்கும் எடுத்துப் போய்விட்டார்கள், மூன்று மட்சும் தோற்று வந்தால் "கப்ஸ் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாங்கள்" என்பார்கள். ஒன்றிரண்டு மட்சாவது வென்றிருந்தால் அந்தச் சொல்லைப் போட மாட்டார்கள், அது பெரிய வெற்றி, கப்ஸ் இல்லை. மிச்சம் ஒன்றும் இல்லாமல் துடைத்தெடுத்தால் மட்டுந்தான் இந்தச் சொல்.

இன்னொரு பெயரும் காதில் விழும், பார்ட்னர் குளோஸ் கப்ஸ், சுருக்கமாகப் பி.சி.சி. கூட்டாளி தன் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட, கேட்டவர் தனியாக நின்று எட்டையும் எடுப்பேன் என்று முதலே கேட்பது. கேள்விகளிலேயே பெரியது அது. ஒரு வருடமாவது விளையாடிய பிறகு யோசியுங்கள்.

கடைசியாக, எதிரே இருப்பவர் கப்ஸ் சொன்னால் என்ன செய்வது. உடனே சீட்டைக் கீழே போட்டுவிடாதீர்கள், அவர் பெரியவர், அனுபவசாலி என்பதற்காகவும் விட்டுவிடாதீர்கள். அவர் விரித்ததைப் பாருங்கள், உங்கள் கையைப் பாருங்கள். உங்களிடம் ஒரு துரும்பு நின்றால், அல்லது அவர் ஆஸுக்கு மேலே ஒன்பது இருந்தால், "ஐயா, இதை எப்படிப் பிடிப்பீங்கள்?" என்று மரியாதையாகக் கேட்டு அந்தச் சீட்டை வையுங்கள். ஒன்றுமில்லை என்றால் கொட்டையை எண்ணிக் கொடுத்துவிட்டு, சீட்டைக் கூட்டிக் கலைத்து, அடுத்துப் பிரிக்கிறவர் கையில் கொடுங்கள்.